ஊருக்குச் சொல்ல மூணு மாசம் ஆகட்டும், நர்சம்மாவுக்குச் சொல்ல ஆகக்கூடாது

கொங்குப் பக்கத்துக் குடும்பங்களில் தலைப்பிள்ளைச் செய்தியை லேசில் வெளியே விடமாட்டார்கள். "அம்மணி முழுகாம இருக்குது" என்று பங்காளி வீட்டுக்கும் அமுச்சி வீட்டுக்கும் போன் போவது நான்காம் மாதத்தில்தான். கண்ணு பட்டுவிடும் என்பது ஒரு காரணம். கலைந்துபோனால் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பது இன்னொரு காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. தெரியவந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தானாகக் கலைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள். சொந்தபந்தத்துக்குச் சொல்லாமல் இருப்பதால் ஒரு கேடும் இல்லை. அதே கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் மூன்று மாதம் கழித்துப் போகலாம் என்று இருந்துவிடுவதுதான் சிக்கல். குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிவது அந்த மூன்று மாதத்துக்குள்தான்.

முதலில் நாள் கணக்கு. வீட்டில் மாதக் கணக்கு, ஆஸ்பத்திரியில் வாரக் கணக்கு. வீட்டில் சிலர் நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுவார்கள். மருத்துவக் கணக்கு கடைசியாகத் தலைக்கு ஊற்றிய மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஜனவரி 10 அன்று கடைசி மாதவிலக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். 28 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கரு தரிப்பது ஜனவரி 24 வாக்கில். அடுத்த மாதவிலக்கு வர வேண்டிய பிப்ரவரி 7 அன்றே அவருக்கு 4 வாரம் ஆகிவிட்டது. அந்த வாரத்தில் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட்டில் இரண்டு கோடு தெரியும். காலை முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. ஒரு கோடுதான் வந்தது, நாளும் வரவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். பிரசவத் தேதிக்கு, முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் அக்டோபர் 17.

பிப்ரவரி 21, அதாவது 6 வாரம். நாள் தள்ளி இரண்டே வாரம். வீட்டில் மாமியாருக்கே இன்னும் உறுதியாகத் தெரிந்திருக்காது. அதற்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாய் மூடி முடிந்திருக்கும். கரு தரித்து 28 நாளுக்குள் மூட வேண்டிய குழாய் அது. கீழ்ப்பக்கம் மூடாமல் போனால் தண்டுவடப் பிளவு, மேல்பக்கம் மூடாமல் போனால் மண்டை ஓடும் மூளையும் உருவாகாத நிலை. இதைத் தடுக்கத்தான் ஃபோலிக் ஆசிட். அதனால்தான் மூன்றாம் மாதம் வந்து "என்ன மாத்திரை சாப்பிடோணுங்க?" என்று கேட்பவருக்கு அந்த மாத்திரையால் முழுப்பயன் இல்லை. கல்யாணமாகி, குழந்தை வேண்டும் என்று முடிவு செய்ததுமே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கி, 12 வாரம் வரை எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த அளவு எல்லோருக்கும் தேவையில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள், முன்பு இதே குறையோடு குழந்தை உண்டானவர்கள் போன்றோருக்கு மருத்துவர் எழுதித் தருவது அது.

அதே 6ஆம் வாரத்தில் இதயத்துடிப்பு தொடங்கிவிடுகிறது. குழந்தையின் நீளம் 4, 5 மில்லிமீட்டர்தான். அதன்பிறகு கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து, 8ஆம் வாரம் 16 மில்லிமீட்டர் ஆகும். 10 வாரம் முடியும்போது, மார்ச் 21 வாக்கில், 3 சென்டிமீட்டர் நீளத்துக்குள் எல்லா உறுப்புக்கும் அடித்தளம் விழுந்திருக்கும். 12 வாரத்தில் ஐந்தரை சென்டிமீட்டர், எடை சுமார் 14 கிராம். தாய் அசைவை உணர்வது இன்னும் தள்ளி. தலைப்பிரசவக்காரர்களுக்கு 18 முதல் 20 வாரம் ஆகும். மூன்றாம் மாதம் "அசையவே இல்லைங்க" என்று பயந்து வருவது வீண் அலைச்சல்.

இந்த ஆறிலிருந்து பத்து வார இடைவெளியில்தான் மாத்திரைகள் பெரிய சேதம் செய்யும். நாள் தள்ளிப்போனதும் கடையில் சொல்லி "நாள் வர்ற மாத்திரை" வாங்கிப் போடுவது நம் ஊரில் சகஜம். கிட்டில் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், சில ரத்த அழுத்த மாத்திரைகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட் ஆகியவை குழந்தையின் உருவத்தையே பாதிக்கக்கூடியவை. அதற்காக வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும், அதுவும் கர்ப்பத்துக்கு முன்பே. தைராய்டு மாத்திரைக் கதை இதற்கு நேர் எதிர். "வயித்துல புள்ள இருக்கறப்ப மாத்திரை எதுக்கு" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆரம்ப வாரங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. தாயின் ஹார்மோனை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. பெரும்பாலும் அந்த மாத்திரையின் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும்.

முதல் ஸ்கேனுக்கு அவசரப்படுவதில் பயனில்லை. 5ஆம் வாரத்தில் போனால் குழந்தை வளரும் நீர்ப்பை மட்டும் தெரியும், இதயத்துடிப்பு தெரியாது, வீடே அழுதுகொண்டிருக்கும். 7, 8ஆம் வாரம் சரியான நேரம். மாதவிலக்கு 40, 45 நாளுக்கு ஒருமுறை வருபவர்களுக்குக் கருவே தாமதமாகத்தான் தரித்திருக்கும். நாள் கணக்குப்படி 7 வாரம், ஸ்கேனில் 5 வாரம் என்று வந்தால் குழந்தை வளரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. குழந்தையின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது அந்த நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே குழந்தை இல்லை என்றால்தான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று சொல்லலாம். அதற்குக் குறைவான அளவில் 7 முதல் 14 நாள் கழித்து மறு ஸ்கேன் பார்க்காமல் சுத்தம் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இந்த ஸ்கேனில் தலை முதல் பிட்டம் வரை அளக்கும் நீளத்தை வைத்துப் பிரசவத் தேதியை உறுதி செய்கிறோம். 9 வாரத்துக்கு முன் 5 நாளுக்கு மேலும், அதன்பின் 14 வாரம் வரை 7 நாளுக்கு மேலும் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு தேதி முடிவாகிவிட்டது. ஏழாம் மாத ஸ்கேனில் வேறு தேதி அச்சாகி வரும். அது அன்றைக்குக் குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்து மெஷின் போடும் கணக்கு. அதை நம்பித் தேதியை மாற்றினால், வளர்ச்சி குன்றிய குழந்தை 'நாள் கம்மி' என்ற பெயரில் கவனிக்கப்படாமல் போகும்.

இரண்டாவது ஸ்கேனுக்கு வாசல் குறுகல். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை. நம் உதாரணத்தில் மார்ச் 28 முதல் ஏப்ரல் 17 வரை. கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர்ப்படலத்தை அளந்து, கூடவே ரத்தத்தில் டபுள் மார்க்கர் பார்த்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைகளுக்கான வாய்ப்பைக் கணிப்பார்கள். "பங்குனி நோம்பி முடியட்டும், சித்திரை பொறந்து போலாம்" என்றால் கதவு சாத்தப்போகிற நேரமாகியிருக்கும். இதயத்துடிப்பு 170 என்றால் பெண், 140 என்றால் ஆண் என்று வெளியே கூட்டிக்கழிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 6ஆம் வாரம் 110 அளவில் இருக்கும் துடிப்பு, 9ஆம் வாரம் 170 வரை ஏறி, பிறகு தானே இறங்கும், எல்லாக் குழந்தைக்கும். பாலினம் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று முறை வைத்துக் கட்டிக்கொடுப்பது இன்னும் இருக்கிறது. அப்படிச் சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் நல்லபடியாகவே பிறக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; பயந்து மறைப்பதுதான் கெடுதல். முதல் முறையே மருத்துவரிடம் உறவைச் சொல்லிவிடுங்கள். தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை இரண்டையும் கண்டுபிடிக்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனையை மனைவிக்கு முதலிலேயே செய்து, கடத்தி (தனக்கு நோய் இல்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்) என்று வந்தால் உடனே கணவருக்கும் செய்ய வேண்டும். சத்தியமங்கலம், நீலகிரி மலைப்பகுதி மக்களுக்கு அரிவாள் செல் பரிசோதனை இன்னும் முக்கியம். இருவரும் கடத்திகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதை உறுதி செய்ய நச்சுக்கொடியில் மாதிரி எடுக்கும் பரிசோதனை 11 வாரத்திலிருந்து செய்யலாம். நான்காம் மாதம் முதல்முறை வருபவருக்கு இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் நேரமே இருக்காது.

சர்க்கரைப் பரிசோதனையும் முதல் வருகையிலேயே உண்டு. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் செய்ய வேண்டும். சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

மசக்கை 5, 6ஆம் வாரம் தொடங்கி 9ஆம் வாரம் உச்சத்துக்குப் போய், நான்காம் மாதம் அடங்கும். எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு கை பொரியோ பொட்டுக்கடலையோ மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பல் துலக்குவது பலருக்கு உதவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடையில் குடிக்கலாம். மோர் கலந்த கம்மங்கூழ் நிற்கிறது என்றால் மூன்று வேளையும் அதுவே போதும். "ரெண்டு உசுருக்குச் சாப்புடு கண்ணு" என்று தட்டை நிரப்ப வேண்டிய காலம் இதுவல்ல. முதல் மூன்று மாதத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ கூடினாலே அதிகம், ஒரு கிலோ குறைந்தாலும் பாதகமில்லை. 50 கிலோ உள்ளவருக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கூடத் தங்காவிட்டாலோ, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு எச்சரிக்கை: வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது ஆபத்து. முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் மூளையைப் பாதிக்கும். சின்ன கிளினிக்கில் 'ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா தெம்பா இருக்கும்' என்று போகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பப்பாளி, அன்னாசி, எள், கொள்ளு என்று வீட்டில் ஒரு தடைப் பட்டியல் இருக்கும். பப்பாளிக்காயைத் தவிர்ப்பது சரி. கொள்ளு ரசத்தால் கரு கலையாது. அந்தப் பட்டியலில் இல்லாத ஆபத்துகள்தான் தோட்டத்துச் சாளையில் இருக்கின்றன. கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பது, ஆடு குட்டி போடும்போது கை கொடுப்பது, நச்சுக்கொடியை எடுத்துப் போடுவது, கன்று வீசிய மாட்டருகே புழங்குவது: புரூசெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இந்த வழியில் வந்து கருவைக் கலைக்கின்றன. பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள், ஈத்து வேலையை வேறொருவர் பார்க்கட்டும். ஆஃப்பாயில் வேண்டாம், முட்டை முழுதாக வேகட்டும். மருந்தடிக்கிற அன்று காட்டுப்பக்கம் போக வேண்டாம். மருந்தடித்தவர் சட்டையைத் தனியாக, அவரே துவைக்கட்டும்.

இரும்புச்சத்து மாத்திரை முதல் மூன்று மாதத்தில் பொதுவாக வேண்டாம், வாந்தியைக் கூட்டும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, பிரசவம் வரை 180 நாள், பிறகு 180 நாள். கால்சியத்தோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும். டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பனியன் கம்பெனியிலோ மில்லிலோ வேலை செய்பவர்கள் செக்கிங் டேபிளில் எட்டு மணி நேரம் நின்றபடி இல்லாமல், இடையிடையே உட்காரக் கேட்டு வாங்க வேண்டும். சாயப்பட்டறை, அயர்னிங் பகுதியிலிருந்து மாறிக்கொள்வது நல்லது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கரு கலைந்தாலும் 6 வாரம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆரம்பத்தில் லேசாகத் திட்டுத் திட்டாக ரத்தம் படுவது நான்கில் ஒருவருக்கு நடக்கும். துடிப்பு தெரிந்துவிட்டால் பெரும்பாலும் கர்ப்பம் தொடரும். கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தால் கலையாது என்பதற்கு ஆதாரம் இல்லை. கலைவதில் பாதி குரோமோசோம் கோளாறால். எக்ஸெல் வண்டியில் மேடு பள்ளத்தில் போனதுதான் காரணம் என்று மருமகளைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும், அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்தாலும், மயக்கம் வந்தாலும், தோள்பட்டை வலித்தாலும் உடனே 108. கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் 6, 7ஆம் வாரத்தில் வெடித்து உயிரைப் பறிக்கும். நெகட்டிவ் ரத்த வகை உள்ளவர்கள் ரத்தப்போக்கு ஆனதும் அதைச் சொல்ல வேண்டும். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

கிட்டில் இரண்டு கோடு வந்த வாரமே ஆதார், வங்கிப் பாஸ்புக், ரேஷன் அட்டையோடு துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கம் 14,000 ரூபாயும் 4,000 ரூபாய்க்கான ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் பெற 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். எண் தமிழ்நாடு முழுக்கச் செல்லும் என்பதால், புகுந்த வீடு பெருந்துறையிலும் அம்மா வீடு ராசிபுரத்திலும் இருந்தால் இரண்டாவது எண் வாங்க வேண்டியதில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது பிக்மி எண் உள்ள அட்டையோடு முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஒரிஜினலையும் எடுத்துப் போகவும். அங்கே பார்க்கும் மருத்துவர் தேதிக்கு முதலில் கேட்பது அதைத்தான்.