ஐயாவின் துப்பாக்கி குறி தப்பினால் தோட்டாவைக் குடையாதீர்கள்

போன மாசியில் கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். காரின் பின் சீட்டில் வேட்டியில் சுற்றிய ரைஃபிள், கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். டின்னுக்குள் சுட்டுப்போட்ட வெறுங்கூடுகள் அறுபதுக்கு மேல் இருக்கும். "அண்ணே, இதுல திரும்ப மருந்து அடைக்கணும். என்ன மருந்து, எங்க கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நான் மருந்துக்குப் போகவே இல்லை. "லைசென்ஸ் யார் பேர்ல?" என்று கேட்டேன். அப்பச்சி பேரில், அதாவது அவர் அப்பா பேரில். அப்பச்சி எங்கே? வீட்டில். கடிதம் ஏதும் கொடுத்தாகளா? இல்லை.

சரி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 3வது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொண்டுவர வேண்டுமானால் லைசென்ஸ்தாரர் கூடவே வர வேண்டும், இல்லையென்றால் அவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். சொந்த மகனானாலும் இதேதான். வழியில் ஒரு வாகனச் சோதனையில் மாட்டியிருந்தால் அந்தத் தம்பியின் பெங்களூர் வேலை என்னவாகியிருக்கும்? அப்பச்சிக்குப் போன் போட்டு, அவர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்த பிறகுதான் வேட்டியை அவிழ்த்தேன்.

உள்ளே இருந்தது வின்செஸ்டர் 1894. பிடிக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெறுங்கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறும். ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது, எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். இது .30-30 தோட்டா போடுவது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஐயா (அப்பச்சியின் அப்பா) ரங்கூனில் வாங்கி, ஜப்பான்காரன் குண்டு போடுவதற்கு முன்பே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதாம். பர்மாத் தேக்கும் பீங்கான் சாமானும் வந்த கப்பல்களில் இந்த மாதிரிச் சாமான்களும் வந்திருக்கின்றன. செட்டிநாட்டில் எத்தனை பெட்டகங்களுக்குள் இன்னும் கிடக்கின்றன என்று எனக்கே கணக்குத் தெரியாது.

அப்பச்சி ஒரு ரைஃபிள் கிளப்பில் உறுப்பினர். அங்கே ஐம்பது மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டால், ஓட்டைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன. மகனுக்கு அதில்தான் குறை. டெக்சாஸில் இருக்கும் பெரியப்பா மகன் இதே ரைஃபிளை வைத்திருக்கிறார், தோட்டாவைத் தானே வீட்டில் அடைக்கிறார், காரேஜில் அதற்கென்று ஒரு மேஜையே போட்டிருக்கிறார். பொங்கலுக்கு வரும்போது தோட்டா அடைக்கும் ஒரு சின்ன கை பிரஸ்ஸைச் சூட்கேஸில் போட்டுக் கொண்டுவருவதாகவும் பேச்சு.

அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைக்க மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை, அது அங்கே ஒரு பழைய பொழுதுபோக்கு. கையால் அடைத்த தோட்டா குறியைக் கூட்டுவதும் உண்மை. காரணம் ஒன்றே ஒன்று, சீர்மை. எல்லாக் கூடும் ஒரே நீளம், எல்லாவற்றிலும் ஒரே எடை மருந்து, குண்டைக் கூட்டின் வாய் ஒரே இறுக்கத்தில் கவ்வியிருப்பது. மருந்தை அவர்கள் ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம்மூர் ஆசாரி தராசுக் கணக்கில் சொன்னால் அரைக் குன்றிமணி. அதில் பத்தில் ஒன்று! கண் அளவில் ஸ்பூனால் போடுகிற காரியமில்லை.

நெம்புகோல் ரைஃபிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், பின்தோட்டாவின் மூக்கு முன்தோட்டாவின் கேப்பை (அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) தொட்டபடி. கூர்மூக்குக் குண்டு போட்டால், சுடும் உதைப்பில் அந்த மூக்கு ஊசிபோல் கேப்பில் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். குழாயைப் பிடித்திருப்பது உங்கள் இடது கை. அதனால்தான் காலங்காலமாக இதற்குத் தட்டை மூக்குக் குண்டு. யூடியூபில் பத்து நிமிட வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இங்கே சட்டம் வேறு. தோட்டா செய்வது 5வது பிரிவில் வருகிறது, அதற்கு உற்பத்தி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் அதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். சட்டம் 'தோட்டா' என்று சொல்வதற்குள் தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும்கூட அடக்கம். அதாவது சூட்கேஸில் வரவிருந்த அந்தக் கை பிரஸ்ஸும்தான். தம்பி அதுவரை சிரித்துக்கொண்டிருந்தார், அதைக் கேட்டதும் நிறுத்திவிட்டார்.

சட்டத்துக்குப் பயப்படாதவர்களுக்கு வேறொன்று சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு 12 போர் ஷாட்கன் என்னிடம் வந்தது, குழல் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து. தோட்டத்தில் பன்றி விரட்ட வேலையாள் ஒருவர் பழைய கூட்டில் மருந்து அடைத்திருக்கிறார். முன்பு கரிமருந்து எந்த மட்டத்துக்கு நிரப்புவார்களோ அதே மட்டத்துக்குப் புகையில்லா மருந்தை நிரப்பிவிட்டார். இரண்டும் கறுப்புத் தூள்தான், பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அளவுக்கு அளவு போட்டால் புகையில்லா மருந்து கொடுக்கும் அழுத்தத்தை எந்தக் குழலும் தாங்காது. அந்த மனிதருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. துப்பாக்கியை என்னால் சரிசெய்ய முடியவில்லை, முடிந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

அப்புறம் நம் வின்செஸ்டரைப் பார்த்தேன். குறை தோட்டாவில் இருக்கும் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தோன்றவில்லை. இந்த வகை ரைஃபிளில் பின்பக்கம் வழியாகத் துடைப்புக்கம்பியை நேராக விட முடியாது, முன்வாய் வழியாகத்தான் விட வேண்டும். ஐயா காலத்திலிருந்து இரும்புக்கம்பியால் தேய்த்துத் தேய்த்து வாயின் விளிம்பு ஒரு பக்கம் முட்டை வடிவமாகியிருந்தது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் காற்று முன்னால் கசிந்தால் குண்டு தள்ளாடித்தான் போகும், உள்ளே தங்கத்தூளையே அடைத்தாலும் சரி. பின் குறிமுள் பள்ளத்தில் ஆடியது. முன்கட்டையைப் பிடிக்கும் பட்டையை யாரோ நன்றாக முறுக்கி வைத்திருந்தார்கள். குழல் சூடேறி நீளும்போது அந்தப் பட்டை அதை ஒரு பக்கம் வளைத்துவிடும். முதல் இரண்டு குண்டு ஓரிடம், மூன்றாவதிலிருந்து வேறிடம் என்று போனால் இதைச் சந்தேகப்படுங்கள்.

வாயைத் திரும்ப வெட்டிச் சீராக்கி, குறிமுள்ளை இறுக்கி, பட்டையைத் தளர்த்திக் கொடுத்தேன். அப்பச்சியிடம் லைசென்ஸில் பதிந்து வாங்கிய கம்பெனித் தோட்டா ஒரு பெட்டியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதே தோட்டாவைக் கிளப்பில் சுட்டுப் பார்த்திருக்கிறார். தட்டு அகலம் டவரா அகலத்துக்கு வந்துவிட்டதாம். நூறு வருடம் பழைய வடிவத்துக்கு, சாதா குறிமுள்ளை வைத்து, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்பது என் எண்ணம். துடைக்கும்போது பித்தளைக்கம்பியும் வாயில் ஒரு வழிகாட்டிக் குப்பியும் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிஸ்கட் டின்னின் அடியில் வெறுங்கூடுகளுக்குக் கீழே சுடாத தோட்டாக்களும் இருந்தன, ஐயா காலத்தவை. பச்சை பூத்து, சிலவற்றில் கழுத்து வெடித்திருந்தது. இவற்றைப் பிரித்து மருந்தைக் கொட்டுவதோ, வெயிலில் காய வைப்பதோ, 'ஒன்று வெடிக்கிறதா பார்ப்போம்' என்று சுடுவதோ வேண்டாம். பழைய கேப் உடனே பற்றாமல் தாமதித்துப் பற்றும். விசையை இழுத்துச் சத்தம் வராவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுங்கள். அந்தக் காலத்துக் கேப்புகள் விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும் என்பது தனிக்கதை.

பங்கு பிரிக்கும்போது, வீட்டை இடிக்கும்போது, பெட்டகத்திலிருந்து துப்பாக்கி கிளம்புவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. பங்காளிகள் பத்துப் பேர், லைசென்ஸ் யாரிடமும் இல்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைக்குத் தேக்குத் தூணோடு சேர்த்து ஏற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 45வது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது சுடுமா சுடாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள முடியாது. லைசென்ஸ்தாரர் இறந்திருந்தால் துப்பாக்கியையும் தோட்டாவையும் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், பிறகு வாரிசு லைசென்ஸுக்கு மனுப் போடலாம். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், ஐயா சொத்தானாலும் அதே கணக்கு.

வேட்டை என்ற பேச்சே வேண்டாம். வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கிராமத்துக்காரர்கள் இருக்கும் மாவட்டம் இது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு இந்த ரைஃபிளுக்கு வேலை கிளப்பின் அட்டைமேல் மட்டும்தான்.

தம்பி பட்டறையிலிருந்தே டெக்சாஸுக்குப் போன் போட்டார். அங்கே நடுராத்திரி. "அண்ணே, அந்தப் பிரஸ்ஸை எடுத்துட்டு வராதீக" என்றார். பழைய தோட்டாக்களை எண்ணி, காகிதத்தில் எழுதி, டின்னோடு அப்பச்சியிடம் கொடுத்தேன். போகிற வழியில் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.