உப்பைக் கீழே வையுங்கள், அது தேரைதான்

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். மழைக்காலத்தில் பாகூர் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தவளைகளைப் பற்றிப் பேசப் போவது வழக்கம். போன ஐப்பசியில் ஒரு பள்ளியில் நான் பேச்சைத் தொடங்கும் முன்பே ஒரு பையன் ஓடிவந்தான். "சார், பாத்ரூம்ல தேரை. உப்பு போட்டாச்சு, ஆனா சாகல."

போய்ப் பார்த்தேன். மூலையில் ஒரு மரத்தவளை, வீட்டில் நாம் தேரை என்று சொல்வது. முதுகில் கல்லுப்பு, கண் பாதி மூடியிருந்தது, தொண்டை மட்டும் படபடவென்று துடித்தது. மக்கில் தண்ணீர் பிடித்து மெல்ல மெல்ல ஊற்றினேன். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாக உறிஞ்சுகிறது, தோல் வழியாக மூச்சும் விடுகிறது. அதில் உப்பு விழுந்தால் உடம்பின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும்.

"வெறும் தவளைதானே சார்?" என்றான் பையன். கொண்டுபோன பேச்சை மடித்து வைத்துவிட்டு லியோபெல்மாட்டிடே என்ற தவளைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். இன்று உயிரோடு இருக்கும் தவளைகளில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று அது. நியூசிலாந்தில் மட்டுமே இருக்கிறது, அதிலும் மூன்றே இனங்கள் மிஞ்சியிருக்கின்றன. இடுப்புக்கு முன்னால் ஒன்பது முள்ளெலும்பு, மற்ற பெரும்பாலான தவளைகளுக்கு எட்டு அல்லது அதற்கும் குறைவு. வாலே இல்லை, ஆனால் வாலாட்டும் தசை இருக்கிறது! செவிப்பறை இல்லை, நம்மூர்த் தவளை மாதிரி கத்துவதும் இல்லை. தலைப்பிரட்டையாக நீந்தித் திரியாமல் முட்டைக்குள்ளேயே பெரும்பாலும் வளர்ந்துவிடும். மூன்றில் ஒன்றான ஆர்ச்சி தவளையில் குஞ்சுகளை முதுகில் சுமப்பது அப்பா.

நியூசிலாந்தில் அந்த ஆர்ச்சி தவளை வாழும் இடங்களில் ஒன்றின் பெயர் கோரமண்டல். 1820-ல் அங்கே போன ஒரு கப்பலின் பெயர் அது. கப்பலுக்குப் பெயர் கொடுத்தது நம் சோழமண்டலக் கரை. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

'பழமையானது' என்றால் சோப்ளாங்கி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கோடிக்கணக்கான வருடங்களைத் தாண்டி வந்த உயிர் அது. அதைச் சாய்த்தது மனிதர்களோடு கப்பலில் போன எலி. மூன்றில் இன்னொன்றான ஹாமில்டன் தவளை இயற்கையாக மிஞ்சியது குட்டித் தீவுகளில்தான். தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையும் ஆர்ச்சி தவளையிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. திரும்பவும் தோல்தான்.

சரி, வீட்டுக்குள் தேரை வந்தால் என்ன செய்வது? ஈரமான மக்கை மேலே கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, செடியோரம் விடுங்கள். கையால் பிடிப்பதென்றால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் அதன்மேல் படவேண்டாம். ஏற்கெனவே உப்பு போட்டுவிட்டீர்களா? உடனே நல்ல தண்ணீரை ஊற்றுங்கள், நிறைய.