ஓடு ஓடுகிறது: வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்குக் குறும்புப் படக்கதை

கூரை ஓட்டுக்கு இரண்டு கால் முளைத்து, அது வீதியில் ஓடுகிறது. படத்துக்குக் கீழே “ஓடு ஓடுகிறது” என்று இரண்டே சொல். தரம் 1 பிள்ளை படத்தைப் பார்த்து ஒருமுறை சிரிக்கும். வரியை வாசித்து முடித்ததும் இன்னொருமுறை சிரிக்கும். நாம் தேட வேண்டியது அந்த இரண்டாவது சிரிப்பைத் தரும் புத்தகத்தை. முதலாவது, கைபேசியிலும் கிடைக்கும்.

புத்தகக்கடையில் நின்றபடியே இதைச் சோதிக்கலாம். ஒரு பக்கத்தை விரித்து எழுத்தைக் கையால் மறையுங்கள். படத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டால் பிள்ளை எழுத்துப் பக்கம் திரும்பாது. பிறகு படத்தை மறையுங்கள். ஒன்றுமே குறையவில்லை என்றால் அந்தப் படம் வெறும் அலங்காரம். நல்ல பக்கத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கொஞ்சம் முரண்டுபிடிக்கும்: “வீட்டில் யாரும் இல்லை” என்று எழுதியிருக்கும், கட்டிலுக்குக் கீழே ஒரு வால் தெரியும். வாசித்த பிள்ளைதான் “பொய்!” என்று கத்தும்.

பகிடியான புத்தகம் எல்லாம் சுலபமான புத்தகம் என்று எண்ண வேண்டாம். தமிழில் பிள்ளைகள் தடக்குப்படும் இடங்கள் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் போகப் பழகும் கண்ணுக்கு “கெ” ஒரு குழப்பம், இரு பக்கமும் குறி நிற்கும் “கொ” அதைவிடக் குழப்பம். உகரத்துக்கு ஒரே அடையாளம் இல்லை. கு, பு, து மூன்றும் மூன்று விதம். குற்றை, அதாவது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியை, கவனிக்காமல் “பல்” என்பதைப் “பல” என்று வாசிப்பது எல்லா வகுப்பிலும் உண்டு. ஒரு பக்கத்தில் இவை எல்லாம் ஒன்றாகக் குவிந்திருந்தால் எவ்வளவு நல்ல பகிடியும் எடுபடாது.

இந்தச் சிக்கலுக்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. சலசல, படபட, கடகட, கலகல, மளமள, தடதட: இவற்றில் கொம்பு இல்லை, அரவு (ா) இல்லை, குற்றும் இல்லை. ச, ல, ப, ட, க, ம, ள, த என்ற எட்டு எழுத்துத் தெரிந்த பிள்ளை அத்தனையையும் தானாகவே வாசித்துவிடும், அதுவும் சத்தம் போட்டு. பக்கத்துக்கு ஒரு சத்தம் வரும் புத்தகமே முதற் புத்தகமாக இருக்கட்டும். “தொபுக்கடீர்” எழுத்துக் கணக்கில் கடினம்தான். ஆனால் அது கதையில் நாலைந்து இடத்தில் திரும்ப வந்தால், முதலில் முழுச்சொல்லாகவே பிள்ளையின் கண்ணில் பதியும். பிறகு அதற்குள் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டலாம்.

வினைச்சொல்லின் நீளத்தையும் பாருங்கள். “ஓடியது” நாலு எழுத்து, “ஓடிக்கொண்டிருந்தது” பத்து. மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் இந்தப் பத்தெழுத்துக்காரர்களே அதிகம். மூலத்தில் ஒலியால் வந்த பகிடி தமிழுக்கு வரும் வழியில் செத்துப்போய், நீண்ட வாக்கியம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. எதுகையும் மோனையும் வைத்துத் தமிழிலேயே எழுதியவற்றைத் தேடி எடுங்கள். கதை எழுத்துத்தமிழில் போனாலும் பாத்திரங்கள் “எங்க போறாய்?” என்றே பேசலாம், வீட்டில் கேட்ட சொல்லை அச்சில் காணும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். திருகோணமலையின் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வாசிப்பவர்கள் “அம்மா” என்ற இடத்தில் “உம்மா” என்று மாற்றி வாசிக்கத் தயங்க வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லைப் புத்தகத்திலும் பென்சிலால் மாற்றிவிடுங்கள். காது ஒன்றையும் கண் ஒன்றையும் வாங்கினால், விரல் வைத்து வாசிக்கும்போது பிள்ளை குழம்பிப்போகும்.

வாசித்துக் காட்டும்போது பிள்ளையை எதிரே இருத்தாமல் பக்கத்தில் இருத்துங்கள். முதல்முறை நிறுத்தாமல் கடைசிவரை போங்கள், கேள்வி வேண்டாம். இரண்டாம் முறை, திரும்பத் திரும்ப வரும் வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பாருங்கள், பிள்ளை நிரப்பும். மூன்றாம் முறை சொற்களுக்குக் கீழே விரல் ஓடட்டும். மேலிருந்து வைத்தால் குற்று மறைந்துபோகும். அதன்பிறகு அந்த வரி பிள்ளைக்கு, மிச்சம் உங்களுக்கு. பத்து நிமிடம் போதும்.

“பாடமாக்கிச் சொல்லுறான், வாசிக்கேல்ல” என்பது பெற்றோர் அடிக்கடி சொல்லும் குறை. பாடமாக்குவது பிழையல்ல, அது தொடக்கம். வாய் சொல்லும் வார்த்தையும் விரலும் ஒன்றாகப் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் வரி முடிந்த பிறகும் விரல் நடுவில் நிற்கும். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். பிறகு அதே சொல்லை ஒரு தாளில் தனியே எழுதிக் காட்டுங்கள். மான் படத்தைப் பார்த்து “ஆடு” என்று சொன்னால், பிழை என்று வெட்டாமல் “முதல் எழுத்தைப் பார், அது ஆ-வா?” என்று கேளுங்கள். படத்தை வைத்து ஊகிக்கட்டும், ஆனால் ஊகத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்ட விடக்கூடாது.

கடைசிப் பக்கத்தில் “இக்கதையின் நீதி யாது?” என்று கேட்கும் புத்தகமானால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய புத்தகங்களில் ஒரு கவனம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டலாம். பிள்ளையின் விரலுக்குக் கொடுக்க வேண்டாம்.

பொருத்தமான புத்தகம் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். நான்கு ஏ4 தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம். நடுமடிப்பை நூலால் தையுங்கள். கம்பிப்பின் நமது கடற்காற்றில் கறள் பிடித்துத் தாளையும் கறையாக்கும். எழுத்து ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல், எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில், பக்கத்துக்கு மூன்று நான்கு சொல்லோடு நிற்கட்டும். கதைக்குத் தொலைவு போக வேண்டியதில்லை: திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான் ஒன்று நகருக்குள் இறங்கி, கடைகடையாக வாழைக்குலை தேடட்டும். கேள்வி எப்போதும் வலப்பக்கத்தில், விடை தாளைப் புரட்டியதும் இடப்பக்கத்தில். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் பிள்ளை விடைப் படத்தை முதலே கண்டுவிடும், பகிடி போய்விடும். அட்டையை 1 என்று எண்ணி, 3ஆம் பக்கத்தில் முதற் கேள்வியைத் தொடங்கினால் கடைசிக் கேள்வி 15இல் விழும், விடை பின்னட்டைக்கு வரும். அந்த அட்டைதான் முதலில் கிழியும். எழுதி முடித்ததும் அதன் ஓரங்களுக்கு ஒட்டுநாடா போட்டுவிடுங்கள்.