ஞானப்பல்லும் அதற்கு முன்னால் நிற்கும் பல்லும்

கீழ்த்தாடையின் கடைசியில் வலி என்று கன்னத்தைப் பிடித்தபடி வரும் இளைஞர்களில் பலர் 17 முதல் 25 வயதுக்குள் இருப்பார்கள். ஞானப்பல் முளைக்கும் வயது அதுதான். தாடையில் இடம் போதாவிட்டால் அந்தப் பல் பாதி மட்டும் வெளியே வந்து நின்றுவிடும். மீதிப் பாதியை மூடியிருக்கும் ஈறு மடிப்புக்கடியில் சோற்றுப் பருக்கையும் கீரைத் துணுக்கும் புகுந்து தங்கும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி பெருகி ஈறு வீங்கியதும், ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் மேல்பல் அந்த வீக்கத்தின் மீதே கடிக்கும். அழற்சி தாடைத் தசைக்குப் பரவினால், வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையாது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையால் வலி அடங்குமே தவிர, மடிப்பு அப்படியேதான் இருக்கும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்து அப்படியே அழுத்தி வைத்து, ஈறு வெந்துபோய் வருபவர்களும் உண்டு.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஞானப்பல் அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் கடைவாய்ப்பல். சாய்ந்து வளரும் ஞானப்பல் அதன் பின்புறத்தில் முட்டி நிற்க, இரண்டுக்கும் இடையில் உணவு தேங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சொத்தை விழுகிறது. முழுத்தாடை எக்ஸ்ரேயில் அது கறுத்த நிழலாகத் தெரியும்போது, பல நேரங்களில் வேர் சிகிச்சை வரை போக வேண்டியிருக்கிறது.

அதற்காக எல்லா ஞானப்பல்லையும் எடுத்துவிட வேண்டியதில்லை. நேராக முளைத்து, சுத்தம் செய்ய வசதியாக இருப்பதை விட்டுவிடலாம். நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்றும், ஈறு அழற்சி முதல் முறை கடுமையாக இல்லாவிட்டால் பொறுக்கலாம், மீண்டும் வந்தால் எடுப்பது தகும் என்றும் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2000-ஆம் ஆண்டில் வழிகாட்டியது. பெரும்பாலும் எனக்கும் அதுவே சரி. ஆனால் முன்னால் நிற்கும் கடைவாய்ப்பல்லில் முட்டி நிற்கும் சாய்ந்த ஞானப்பல்லை, வலி இல்லை என்பதற்காக எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் விட எனக்கு மனம் வராது. எடுப்பதென்று முடிவானால் இருபதுகளில் எடுப்பது எளிது. வயது ஏற ஏற எலும்பு இறுகி, ஆறவும் நாளாகும். வேர்கள் கீழ்த்தாடை நரம்பை ஒட்டியிருந்தால் உதடு மரத்துப்போக வாய்ப்புண்டு என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பல் எடுத்த குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் புண்ணுக்குக் காப்பு. முதல் நாள் கொப்பளிப்பதும் துப்புவதும், சில நாட்களுக்கு ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதும் புகைப்பதும் கூடாது. கட்டி கழன்றுவிட்டால் மூன்றாம் நாள் வாக்கில் காது வரை இழுக்கும் வலி வரும். பல் எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும், தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.