48 கிலோபைட்டில் ஒரு பனிநாடு

2012 அக்டோபரில், 61 வயதில், மைக் சிங்கிள்டன் காலமானார். இங்கிலாந்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து கணினி விளையாட்டுப் பக்கம் வந்தவர். 1984இல் அவர் உருவாக்கிய 'த லார்ட்ஸ் ஆஃப் மிட்நைட்' என்ற விளையாட்டை, அன்று வீடுகளில் இருந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் ஒலிநாடாவிலிருந்து ஏற்றி ஆடினார்கள். மிட்நைட் என்னும் பனிநாட்டில் ஏறத்தாழ 4000 இடங்கள். எந்த இடத்தில் நின்றும் எட்டுத் திசைகளிலும் பார்க்கலாம். ஆக, சுமார் 32,000 காட்சிகள். இவை அத்தனையும் அந்தச் சின்னக் கணினிக்குள் எப்படி அடங்கின?

கணக்குப் போட்டால்தான் வியப்பு புரியும். ஸ்பெக்ட்ரமின் திரை 256 புள்ளி அகலம், 192 புள்ளி உயரம். புள்ளிகளுக்கு 6144 பைட், வண்ணங்களுக்கு 768 பைட். ஒரு முழுத்திரைப் படத்துக்கு 6912 பைட் வேண்டும். கணினியின் மொத்த நினைவகமோ 48 கிலோபைட், அதாவது 49,152 பைட். நிரலுக்கே இடம் விடாமல் அடைத்தாலும் ஏழு படங்களுக்கு மேல் கொள்ளாது.

சிங்கிள்டன் காட்சிகளைச் சேமிக்கவே இல்லை. நாட்டை மட்டும், இடத்துக்கு ஒரு கட்டமாக, சேமித்தார். மலை, காடு, கோட்டை, கோபுரம், சமவெளி என்று எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்பதற்கு ஒரு சிறு எண் போதும். கட்டத்துக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டாலும் நாடு முழுவதும் 4000 பைட்டில் முடிந்துவிடும். நாம் திரும்பும் ஒவ்வொரு முறையும் காட்சி புதிதாக வரையப்படும். இந்த உத்திக்கு அவர் வைத்த பெயர் 'லேண்ட்ஸ்கேப்பிங்'.

ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் வடக்கே பார்த்து நிற்கிறீர்கள். மலை உங்களுக்கு இரண்டு கட்டம் முன்னால், ஒரு கட்டம் வலப்புறம் இருக்கிறது. திரையின் நடுவிலிருந்து அது எவ்வளவு விலகித் தெரியும் என்பதை, பக்கவாட்டுத் தூரத்தை முன்தூரத்தால் வகுத்து அறியலாம்: ஒன்றில் பாதி. ஒரு கட்டம் முன்னால் போனால் முன்தூரம் ஒன்றாகிறது, விலகல் இரட்டிக்கிறது, மலையின் உயரமும் இரட்டிக்கிறது. மலை வளர்ந்துகொண்டே வலப்பக்கம் நகர்கிறது. இப்போது வடகிழக்கே திரும்பினால் அது நேர் எதிரே வந்து நிற்கும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி போனவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணிலேயே பழகியிருக்கும்.

வரையும் வரிசையும் முக்கியம். தொலைவில் உள்ளதை முதலில் வரைந்து, அருகில் உள்ளதைக் கடைசியில் அதன் மேல் வரைய வேண்டும். அப்போதுதான் முன்னால் நிற்கும் காடு பின்னால் இருக்கும் மலையின் அடிவாரத்தை மறைக்கும். கோடுகளை மட்டும் வரைந்தால் காட்டுக்குள் மலை தெரியும். ஆகவே காட்டின் எல்லைக்குள் இருப்பதை முதலில் துடைத்துவிட்டு, பிறகு கோடுகளை இட வேண்டும்.

இதையெல்லாம் செய்த, கணினியின் மூளையான இசட்80 செயலி நொடிக்கு 35 லட்சம் துடிப்புகளில் ஓடியது. பெருக்கவோ வகுக்கவோ அதற்குத் தனிக் கட்டளை கிடையாது. ஆனால் திசைகள் எட்டுதான், நிற்கக்கூடிய இடமும் கட்டத்துக்கு ஒன்றுதான் என்னும்போது, எது எங்கே, எந்த அளவில் தெரியும் என்பதை முன்னதாகவே அட்டவணையாக வைத்துக்கொள்ள வழி பிறக்கிறது. எட்டுத் திசை என்ற கட்டுப்பாடு குறைபோலத் தோன்றினாலும், விளையாட்டுக்கு உயிர் கொடுத்ததே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வண்ணத்திலும் இதே சிக்கனம். ஸ்பெக்ட்ரமில் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வண்ணங்களுக்கு மேல் வராது. பல வண்ணப் படங்களில் அதனால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கசிந்து அசிங்கமாகும். பனிநாட்டுக்கு வெள்ளை நிலமும் அதன்மேல் நீலக் கோடுகளும் போதுமாக இருந்தன. கதைக்கு ஏற்ற குளிரும் கிடைத்தது, கணினியின் குறையும் மறைந்தது. காட்சிக்கு மேலே வரும் வாக்கியங்களும் இப்படித்தான் அமைந்தன: நிற்பவர் யார், எந்த இடம், எந்தத் திசை, எதிரே என்ன என்ற துண்டுகளை நிரலே கோத்துக்கொள்ளும்.

கைபேசிகளுக்காக இந்த விளையாட்டைப் புதுப்பிக்கும் வேலையை அவரோடு சேர்ந்து தொடங்கியவர் கிறிஸ் வைல்ட். அவர் அதை 2012 டிசம்பரில் வெளியிட்டார், சிங்கிள்டன் மறைந்து இரண்டு மாதம் கழித்து. அதிலும் கதைநாயகனான நிலவின் இளவரசன் லக்ஸர் பனியில் நின்று எட்டுத் திசையும் பார்க்கிறான்.