பிரிட்டனின் 'உண்மையான ராஜா' யார்? ரத்தம் ஒன்று சொல்லும், சட்டம் வேறொன்று சொல்லும்

"இங்கிலாந்தின் நிஜமான அரச வம்சம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, லண்டன் அரண்மனையில் இருப்பவர்களுக்கு உரிமையே கிடையாது" என்று ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சொத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். பாகப்பிரிவினை வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் இதைக் கைப்பேசியில் காட்டி, "ராஜா பதவியையே டிஎன்ஏ புரட்டிப் போடுமாம், நம்ம கேஸில் தம்பிக்கு ஒரு டெஸ்ட் எடுத்தால் என்ன சார்?" என்று கேட்கிறார்கள். கேள்வி லேசாகத்தான் தெரியும். அதன் மறுமுனையில் வயதான ஒரு தாய் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த ராஜா கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

2004-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று இந்த வாதத்தைப் பிரபலமாக்கியது. 1461-இல் பட்டத்துக்கு வந்த நான்காம் எட்வர்டு 1442 ஏப்ரல் 28-இல் பிரான்சின் ரூவான் நகரில் பிறந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் 21 வரை அவருடைய தந்தை யார்க் பிரபு ரிச்சர்டு, பொன்டுவாஸ் பகுதியில் போரில் இருந்தார். மனைவி செசிலி ரூவானில். கரு தரித்த காலத்தில் கணவன் பக்கத்தில் இல்லை, ஆகவே பிள்ளை அவருடையது அல்ல, ஆகவே பட்டம் எட்வர்டின் தம்பி கிளாரன்ஸ் பிரபு ஜார்ஜின் வழியில் போயிருக்க வேண்டும் என்பது வாதம். ஜார்ஜின் வம்சத்தைப் பின்தொடர்ந்தால் லௌடன் பிரபு மைக்கேல் ஏப்னி ஹேஸ்டிங்ஸ் வருகிறார். நியூ சவுத் வேல்ஸில் ஜெரில்டெரி என்ற சிற்றூரில் வாழ்ந்து 2012-இல் காலமானவர். அரியணை கேட்டு அவர் எங்கும் வழக்குப் போட்டதில்லை.

ஒரு வக்கீலாக நான் முதலில் பார்ப்பது தேதிக் கணக்கை. ஆகஸ்ட் 21 முதல் ஏப்ரல் 28 வரை 250 நாள். கரு தரித்ததிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 266 நாள். அதாவது கணவர் திரும்பி வந்த பிறகு கரு தரித்து, குழந்தை இரண்டு வாரம் முந்திப் பிறந்திருந்தால் போதும், விஷயம் முடிந்துபோகிறது. எந்த ஊர் மகப்பேறு மருத்துவமனையில் கேட்டாலும் அதெல்லாம் அன்றாடம் நடப்பதுதான் என்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம், யார்க் பிரபு அந்தப் பிள்ளையைத் தன் மூத்த வாரிசாகவே வளர்த்தார். கணவன் மறுக்காத பிள்ளையை 560 வருடம் கழித்து மூன்றாம் ஆள் மறுப்பதை எந்த நீதிமன்றமும் காதில் போட்டுக்கொள்ளாது.

செல்லுபடியாகும் திருமணம் இருக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையதே என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய அனுமானம். அதுதான் 1872-இல் இந்திய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவாக நம்மிடம் வந்தது. இன்றைக்கு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116-ஆம் பிரிவு. தம்பதி ஒன்றுசேர வாய்ப்பே இல்லாத நிலை இருந்தது என்று நிரூபித்தால் ஒழிய அது அசையாது. குழந்தையின் தலையில் களங்கம் விழக்கூடாது என்பதற்காகவே அதை இவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறார்கள்.

சரி, ஒரு பேச்சுக்கு எட்வர்டு யார்க் பிரபுவின் பிள்ளை அல்ல என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்றைய அரச குடும்பத்தின் உரிமை ஆட்டம் காணாது. காரணம், அந்த உரிமை எட்வர்டிடமிருந்து வரவில்லை. 1485-இல் போஸ்வொர்த் களத்தில் எட்வர்டின் இன்னொரு தம்பியான மூன்றாம் ரிச்சர்டைக் கொன்று ஆட்சியைப் பிடித்த ஏழாம் ஹென்றியின் வம்சாவளி பலவீனமானது. அவருடைய தாய்வழி பியூஃபோர்ட் குடும்பத்தின் மூதாதையர், அரசர் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் கான்ட் பிரபுவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள். 1397-இல் அவர்களை முறையான பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார்கள். 1407-இல் "அரச பதவி நீங்கலாக" என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஹென்றி முயலவே இல்லை. பட்டம் தன்னிடமும் தன் வாரிசுகளிடமும் இருக்கும் என்று நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். ஏன், எப்படி என்ற விளக்கம் அதில் கிடையாது. எட்வர்டின் மகள் எலிசபெத்தை அவர் மணந்துகொண்டது அதற்குப் பிறகுதான். பட்டம் மனைவி மூலம் கிடைத்தது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது.

அதன்பின் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. எட்டாம் ஹென்றி தன் மகள்கள் மேரி, எலிசபெத் இருவரையும் 1536-இல் முறையற்ற பிள்ளைகள் என்று சட்டத்தால் ஒதுக்கினார். சில வருடங்களில், களங்கத்தை நீக்காமலே, இன்னொரு சட்டத்தால் வரிசையில் சேர்த்தார். இருவரும் அரசிகள் ஆனார்கள். 1571-இல் எலிசபெத்தின் நாடாளுமன்றம், பட்டத்துரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை என்று சொல்வதே ராஜதுரோகம் என்று சட்டம் செய்தது.

பெரிய வெட்டு விழுந்தது 1688-இல். புராட்டஸ்டண்ட் நாட்டில் அப்போது அரசராக இருந்த இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். அந்த ஜூன் 10-இல் அவருடைய மனைவி, மொடெனாவின் மேரிக்கு ஆண் குழந்தை பிறந்ததும், அது அவள் பெற்ற பிள்ளையே அல்ல, படுக்கையைச் சூடாக்கும் கரிச்சட்டிக்குள் வைத்து யாருடைய குழந்தையையோ உள்ளே கொண்டுவந்தார்கள் என்று வதந்தி கிளப்பினார்கள். பிரசவ அறையில் அவ்வளவு பேர் நின்றிருந்தும் வதந்தி ஓயவில்லை. அக்டோபரில் அரசர் சுமார் 40 பேரை வரவழைத்து, பிரசவத்தை நேரில் பார்த்ததாக வாக்குமூலம் வாங்கி அச்சிட வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் பிரசவ வலி அரசு ஆவணமாக ஆனது இப்படித்தான். அரச பிரசவத்தின்போது உள்துறை அமைச்சர் உடனிருக்க வேண்டும் என்ற வழக்கம் 1936 வரை நீடித்து, 1948-இல் சார்லஸ் பிறக்கும் முன்புதான் கைவிடப்பட்டது.

வதந்தி உண்மையா என்ற கேள்விக்கு 1689-இல் நாடாளுமன்றம் பதிலே சொல்லவில்லை. ஜேம்ஸ் பதவியைத் துறந்துவிட்டார், அரியணை காலி என்று அறிவித்தது. 1701-இல் வந்த பட்டத்துரிமைச் சட்டம், ஹனோவர் இளவரசி சோஃபியாவையும் அவர் வழிவந்த புராட்டஸ்டண்ட் வாரிசுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ரத்த உறவில் அவரைவிட நெருக்கமாக இருந்த 50-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள் தாண்டப்பட்டார்கள். 1714-இல் சோஃபியா ஜூனில் இறக்க, அரசி ஆன் ஆகஸ்ட் 1-இல் இறந்தார். சோஃபியாவின் மகன் முதலாம் ஜார்ஜ் வந்தார். இன்றைய வரிசையின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் 1441-இல் ரூவானில் யார் யாரோடு இருந்தார்கள் என்பது இதில் பொருட்டே இல்லை.

தள்ளிவைக்கப்பட்ட ஜேம்ஸின் ஸ்டூவர்ட் வழியின் உரிமை 1746-இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போரோடு களத்தில் முடிந்தது. 1807-இல் அந்த நேர்வழியின் கடைசி வாரிசான கர்தினால் ஹென்றி பெனடிக்ட் இறந்தார். வம்சாவளிக் கணக்கு மட்டும் சவோய், மொடெனா குடும்பங்கள் வழியாக பவேரியாவுக்குப் போய், இன்று 1933-இல் பிறந்த ஃபிரான்ஸ் பிரபுவிடம் நிற்கிறது. அவரும் எதையும் கோரவில்லை. சிறுவயதில் நாஜிகளின் வதைமுகாம்களில் இருந்து மீண்டவர் அவர். அந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு காணொளியும் பேசுவதில்லை.

டிஎன்ஏ விஷயத்துக்கு வருகிறேன். 2012-இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. 2014-இல் வந்த ஆய்வில், தாய்வழி மரபணு இன்று வாழும் உறவினரோடு பொருந்தியது. தந்தைவழி ஒய் குரோமோசோம், அதே மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியில் வந்ததாகச் சொல்லப்படும் பியூஃபோர்ட் பிரபுக்களின் இன்றைய வாரிசுகளோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ ஒரு தலைமுறையில் அப்பா வேறு ஆள். எந்தத் தலைமுறை என்று அறிவியலால் சொல்ல முடியவில்லை. உடனே "ராஜ பரம்பரையே போலி" என்று தலைப்புச் செய்திகள்.

டிஎன்ஏவால் பட்டமே பறிபோனதும் உண்டு, மறைக்கவில்லை. 1683-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டிச்சில் பிரிங்கிள் குடும்பத்துக்கு அரசர் வழங்கிய பாரோனெட் பட்டத்தில், ஒரு வாரிசு அந்த ரத்தம் அல்ல என்று டிஎன்ஏ காட்டியது. 2016-இல் லண்டன் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் அதை ஏற்று மற்றொரு கிளைக்குப் பட்டத்தைக் கொடுத்தது. (1863-இல் சிவகங்கை ஜமீன் வழக்கில் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன அதே பிரிவி கவுன்சில்தான்.) பாரோனெட் பட்டம் அரசர் கொடுத்த சாசனத்தின் சொற்படி ஆண் வாரிசுக்கு இறங்கும் குடும்ப உரிமை. அரியணை நாடாளுமன்றம் வகுத்த பதவி. வேண்டியபோது சட்டமே அதை மாற்றும். 1936-இல் எட்டாம் எட்வர்டு விலகியபோது அவருக்குப் பிறக்கக்கூடிய பிள்ளைகளின் உரிமையும் ஒரு சட்டத்தால் சேர்த்தே நீக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆண் பெண் பேதம் போயிற்று. தம்பி லூயி பிறந்தும் இளவரசர் வில்லியமின் மகள் சார்லட் தன் இடத்தை இழக்காதது அதனால்தான்.

லௌடன் குடும்பமே இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டுதான் இருக்கிறது. 2023 மே 6-இல் சார்லஸின் முடிசூட்டு விழாவில், மைக்கேலின் மகன் சைமன் தன் குடும்பத்துக்குரிய பரம்பரை மரியாதைப்படி, தங்கக் குதிமுட்களை (குதிரை வீரர்கள் குதிகாலில் கட்டும் முட்கள்) ஏந்தி வந்த இருவரில் ஒருவராக நின்றார்.

இத்தனை வருடம் வாரிசு வழக்குகளைப் பார்த்ததில் என்னை உறுத்துவது ஒன்றுதான். செசிலி, நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் வுட்வில், அரசி எலிசபெத்தின் தாய் ஆன் பொலின், மொடெனாவின் மேரி என்று எந்தப் போட்டி உரிமையை எடுத்தாலும் அது ஒரு பெண்ணின் படுக்கையறையில்தான் தொடங்குகிறது. நம் நீதிமன்றங்களிலும் அப்படித்தான். ஐந்து சென்ட் நிலத்துக்காகப் பெற்ற தாயின் நடத்தையைக் கேள்வி கேட்கும் மனுவை எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் எழுதித் தருவதில்லை. டிஎன்ஏ பரிசோதனைக்கு நீதிமன்றங்களும் எளிதில் உத்தரவிடுவதில்லை. அது சரியான நிலைப்பாடு என்றே நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் சட்டம் முழுக்க நியாயமானது என்றும் சொல்ல மாட்டேன். கத்தோலிக்கரை மணப்பதற்கு இருந்த தடை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது, ஆனால் கத்தோலிக்கர் ஒருவர் அரியணை ஏற முடியாது என்ற விதி அப்படியே இருக்கிறது. பெற்றோர் மணம் புரியாமல் பிறந்த குழந்தையும், தத்துப்பிள்ளையும் இன்றும் வரிசைக்கு வெளியேதான். சாதாரணக் குடிமக்களின் சொத்துரிமையில் திருமணத்துக்கு உள்ளே, வெளியே என்ற பேதத்தை நீக்கிய நாடு, அரண்மனை வாசலில் மட்டும் அதை விட்டுவைத்திருக்கிறது. இது மாறவேண்டும். மாற்ற வேண்டியதும் நாடாளுமன்றம்தான், டிஎன்ஏ கூடம் அல்ல. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐந்தே பிரிவுகள். பிரிட்டிஷ் அரசின் சட்டத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் காணொளியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் அதைப் படித்துவிடுங்கள்.