பார்த்தும் தெரியாமல் போவது ஏன்? செல்போனும் வண்டி ஓட்டுவதும் பற்றி ஒரு கண் மருத்துவர்

கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. விபத்தில் சிக்கிச் சில வாரங்கள் கழித்து வருகிறவர்கள். "ரோட்டைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன் டாக்டர், ஆள் குறுக்கே வந்தது தெரியவே இல்ல. கண்ணுல ஏதோ கோளாறு இருக்கணும்" என்பார்கள். பரிசோதித்தால், பலகையின் கடைசி வரி எழுத்துகள் வரை படிக்கிறார்கள். பக்கவாட்டுப் பார்வை சரியாக இருக்கிறது. விழித்திரையிலும் குறை இல்லை. அப்புறம்தான் கேட்பேன், அந்த நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தீர்களா என்று. பலர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பேசினேன், ஆனா ஹெட்செட்லதான்" என்று சொல்வார்கள்.

அந்த "ஹெட்செட்லதான்" பற்றித்தான் எழுத நினைக்கிறேன். வண்டி ஓட்டும்போது மெசேஜ் அடிப்பது தப்பு என்பது இன்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே செய்கிறார்கள். கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்தில்லை என்பதை மட்டும் படித்தவர்கள்கூட மனதார நம்புகிறார்கள்.

நம் கண்ணைக் கேமரா என்று நினைத்துக்கொள்கிறோம். திறந்து வைத்தால் எதிரில் இருப்பதெல்லாம் பதிவாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. விழித்திரையின் நடுவில் ஒரு மிகச் சிறிய பகுதிக்கு மட்டும்தான் நுட்பமான பார்வை உண்டு. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் பரப்பு. மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சின்ன வட்டத்தை நொடிக்கு மூன்று தடவை போல இடம் மாற்றி மாற்றிச் சாலை முழுவதையும் துழாவுகிறோம். அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்வது மூளை. அது ஒரு கணக்கு வழக்கிலோ சண்டையிலோ மூழ்கியிருந்தால், துழாவுவது குறைந்துவிடும். பார்வை நேர் எதிரே ஒட்டிக்கொள்ளும். பக்கக் கண்ணாடிகளைப் பார்ப்பது குறையும். ஓட்டுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. தான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சத்தியம் செய்வார். அது பொய்யும் இல்லை.

சரி, கண் அந்த இடத்துக்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கண்ணில் விழுந்தது மனதில் பதிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையில் சாலையைக் காட்டி வண்டி ஓட்டுவது போலவே இருக்கும் பயிற்சி இயந்திரத்தில் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் கண் எங்கெங்கே போகிறது என்பதைக் கருவியால் பதிவு செய்தார்கள். கையில் பிடிக்காத போனில் பேசிக்கொண்டே ஓட்டியவர்கள், தாங்கள் நேராகப் பார்த்த விளம்பரப் பலகைகளைக்கூடப் பிறகு அடையாளம் காட்டத் திணறினார்கள். பேசாமல் ஓட்டியபோது நினைவில் நின்றவற்றில் ஏறக்குறைய பாதிதான் தேறியது.

இது ஏதோ கவனக்குறைவான ஆட்களின் கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் துறையிலேயே ஒன்று சொல்கிறேன். 2013இல் வெளியான ஒரு சோதனையில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தை ஒட்டி வைத்திருந்தார்கள், தேடச் சொன்ன கட்டியைப் போல 48 மடங்கு பெரிது. 20 பேருக்கு அது தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண் கொரில்லா இருந்த இடத்தின் மேலேயே போய் வந்திருந்தது. படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தக் கதி என்றால், வட்டித் தவணை பற்றிப் பேசிக்கொண்டே வளைவில் திரும்புகிறவருக்குச் சைக்கிள்காரர் தெரியாமல் போவதில் என்ன ஆச்சரியம்?

டொராண்டோவில் டொனால்ட் ரெடல்மையர் என்ற மருத்துவரும் ராபர்ட் டிப்ஷிராணி என்ற புள்ளியியல் அறிஞரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முன்னோடி. விபத்துக்குள்ளான 699 பேரின் போன் பில்களை வாங்கி, விபத்து நேரத்து அழைப்புகளை முந்தைய நாட்களின் அழைப்புகளோடு ஒப்பிட்டார்கள். போன் பேசும் நேரத்தில் விபத்து அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் பிடிக்காத வகைப் போன் வைத்திருந்தவர்களுக்கு அதனால் பாதுகாப்புக் கூடியதாகத் தெரியவில்லை. 2006இல் ஸ்ட்ரேயர் குழு இன்னொரு படி போய், அதே மாதிரி பயிற்சி இயந்திரத்தில், 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும் அளவுக்குக் குடிக்கவைத்து ஓட்டச் சொல்லி, அதே ஆட்களை வேறொரு நாள் போன் பேசிக்கொண்டு ஓட்டச் சொன்னார்கள். குடித்தபோது முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். பேசியபோது பிரேக் பிடிக்கத் தாமதித்தார்கள், மோதல்களும் அப்போதுதான் அதிகம்.

ஹெட்செட்டால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். நம்பரைத் தேடி அழுத்துவதையும் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கழுத்தைத் திருப்ப முடியாமல் போவதையும்விட அது மேல். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொள்வது இதில் எந்தக் கணக்கிலும் சேராது. அதை நான் வக்கிரம் என்றே சொல்வேன்.

பிரேக் பிடிக்கத் தாமதம் என்றால் எவ்வளவு, ஒரு நொடி இருக்குமா என்று கேட்பார்கள். ஒரு நொடியையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி, அதன் பிறகு காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர் என்றால், மொத்தம் 37 மீட்டரில் வண்டி நின்றுவிடும். பேச்சில் இருந்தவர் இன்னும் ஒரு நொடி தாமதித்தால், அதே 37ஆவது மீட்டரில் அவருடைய வண்டியின் வேகம் என்ன? பாதியாவது குறைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் ஊகிக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 55 வருகிறது. முதல் வண்டி நின்ற இடத்தில் இவர் கிட்டத்தட்ட முழு வேகத்தோடு மோதுகிறார்.

மெசேஜ் அடிப்பது இன்னும் மோசம். வர்ஜீனியா டெக் நிறுவனம் லாரி ஓட்டுநர்களைக் கேமரா வைத்துக் கண்காணித்து 2009இல் சொன்னது இது. மெசேஜ் அடிக்கும்போது ஆபத்தான நிகழ்வில் சிக்கும் வாய்ப்பு 23 மடங்கு, ஒவ்வொரு 6 நொடியிலும் 4.6 நொடி கண் சாலையில் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 4.6 நொடியில் வண்டி 100 மீட்டர் தாண்டிவிடும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. வெள்ளெழுத்து வந்துவிட்ட கண்ணுக்கு, தூரத்திலிருந்து கிட்டத்துக்கும் கிட்டத்திலிருந்து தூரத்துக்கும் மாறுவது எளிதல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடுகிறது. இருபது வயதுப் பையன் ஒரு பார்வையில் படிப்பதை இவர்கள் இரண்டு மூன்று பார்வையில்தான் படிக்கிறார்கள். இரட்டைப் பவர் கண்ணாடி போட்டிருந்தால் இன்னொரு சிக்கல். அதன் கீழ்ப்பகுதி, புத்தகம் பிடிக்கும் தூரத்துக்காகச் செய்யப்பட்டது, சுமார் 40 சென்டிமீட்டர். டாஷ்போர்டில் மாட்டிய போன் அதைவிடத் தள்ளி இருக்கிறது. மேல்பகுதியிலும் தெளிவில்லை, கீழ்ப்பகுதியிலும் தெளிவில்லை. எனவே தாடையை உயர்த்தி, தலையை முன்னே நீட்டிப் படிக்கிறார்கள். அவ்வளவு நேரமும் சாலை, கண்ணாடியின் தவறான பகுதி வழியாகவோ பார்வையின் ஓரத்திலோதான் இருக்கிறது.

மைனஸ் பவர்காரர்கள் வேறு மாதிரி. கிட்டத்தில் படிக்க அவர்களுக்குக் கண்ணாடி வேண்டாம், அதனால் போன் வந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிடும். வீட்டில் செய்வதை ஸ்டீயரிங் முன்னாலும் செய்கிறார்கள். பவர் அதிகம் உள்ளவருக்கு அந்தச் சில நொடிகளில் எதிரே இருக்கும் சாலை வெறும் கலங்கல்தான்.

இரவில் பிரகாசமான திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நொடிகளாவது ஆகும். கருப்பு உடையில் ஓரமாக நடந்து போகிறவர் அந்த இடைவெளியில்தான் காணாமல் போகிறார். கண்புரை தொடங்கியவர்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசலாமே, அதுவும் பேச்சுதானே என்று நியாயமாகவே கேட்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரியும். லாரி குறுக்கே வந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார், "பார்த்து, பார்த்து" என்பார். போனில் இருப்பவர் அந்த நேரத்தில்தான் "என்ன, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பார்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் பார்க்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று. குரலால் கட்டளை கொடுத்துக் கருவியை இயக்கி முடித்த பிறகும், சில கருவிகளில் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆனது என்று 2015இல் ஸ்ட்ரேயர் குழு கண்டது. பச்சை விழுந்து வண்டி கிளம்பிக் குறுக்குச் சாலையைத் தாண்டி முடித்த பிறகும் மனசு அந்த மெசேஜிலேயே இருக்கலாம்.

"எனக்குப் பழகிப்போச்சு" என்று சொல்கிறவர்களிடம் வாதாடுவது கடினம். 2010இல் 200 பேரைச் சோதித்தபோது, ஒரே நேரத்தில் பேசவும் ஓட்டவும் செய்து எதிலும் தரம் குறையாதவர்கள் 2.5 சதவீதம், அதாவது ஐந்து பேர் கிடைத்தார்கள். என் அனுபவத்தில், வருகிற எல்லோரும் அந்த ஐந்து பேரில் தாங்களும் ஒருவர் என்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வழி காட்டும் மேப்பைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். போனைக் கைக்கு எட்டாத இடத்தில் சத்தமில்லாமல் வையுங்கள், ஏனென்றால் எடுக்காவிட்டாலும் "யாராக இருக்கும்" என்ற யோசனையே கவனத்தைக் கெடுக்கும். ஓட்டும்போது அழைப்புகளை அடக்கி வைக்கும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது, ஐபோனில் 2017 முதல் உண்டு. கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் ஓரமாக நிறுத்துங்கள்.

ஆனால் ஓட்டுகிறவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல அழைப்புகள், அவர் வண்டியில் இருக்கிறார் என்று தெரிந்தே செய்யப்படுபவை. "எங்க இருக்கீங்க, கிளம்பியாச்சா?" என்று வீட்டிலிருந்து, "எவ்வளவு நேரமாகும்?" என்று முதலாளியிடமிருந்து. எங்கள் மருத்துவமனையிலும் மறுபரிசோதனை நாளை நினைவூட்ட ஆட்களுக்குப் போன் செய்கிறோம். இப்போது முதல் கேள்வியே "வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா?" என்பதுதான். ஆமாம் என்றால், "அப்புறம் பேசறோம்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு சிலர் "பரவாயில்ல, சொல்லுங்க" என்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதற்குள் வைத்துவிடுவார்கள். மரியாதை இல்லை என்று ஒன்றிரண்டு புகார்கள் வந்திருக்கின்றன, வரட்டும்.